பீட்டா யூசர்கள் ஆப்பைப் பயன்படுத்துகிறார்கள், பேசக் கூப்பிட்டால் மட்டும் பதிலே இல்லை

விடியற்குறிப்பு கேட்டது:

நாங்கள் இரண்டு பேர் நடத்தும் சின்ன ஸ்டார்ட்அப். சிறு அலுவலகங்கள் வேலை நேரத்தைப் பதிந்து வைத்து, மாதக் கடைசியில் அதிலிருந்தே இன்வாய்ஸ் போட்டு அனுப்புவதற்கான மென்பொருள். பீட்டா (சோதனை வெளியீடு) ஆரம்பித்து 3 மாதம் ஆகிறது, இன்னும் கட்டணம் வைக்கவில்லை. சைன்அப் 140. வாராவாரம் உள்ளே வந்து முழுசாகப் பயன்படுத்துகிறவர்கள் 35 பேர். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதவர்கள் 60 பேர். மீதி 45 பேர் நேரத்தை மட்டும் பதிகிறார்கள், இன்வாய்ஸ் பக்கம் போவதே இல்லை.

இவர்களோடு பேச வேண்டும் என்று 140 பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டோம். 3 பேர் நேரம் குறித்தார்கள். ஒருவர் வந்தார். அவரும் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று 12 நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அனுப்பிய மெயில் இதுதான்:

"பொருள்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்!
அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் தயாரிப்பை மேலும் மெருகேற்ற உங்கள் பொன்னான கருத்துகளை எதிர்பார்க்கிறோம். 45 நிமிட வீடியோ உரையாடலில் கலந்துகொள்ள, கீழே உள்ள லிங்கில் உங்களுக்கு வசதியான நேரத்தைத் தேர்வு செய்யவும். கலந்துகொள்ளும் அனைவருக்கும் கிஃப்ட் கார்டு உண்டு!
இப்படிக்கு, புராடக்ட் டீம்"

யாரிடம் முதலில் கேட்பது, கிஃப்ட் கொடுப்பது சரியா, நேரம் குறித்துவிட்டு வராதவர்களை என்ன செய்வது? அதே ஆட்களுக்குத் திரும்ப மெயில் போட்டால் எரிச்சலாகி விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

---

நூலேணி:

மெயிலில் இருந்தே தொடங்கலாம், பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

"உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்பது பெரிய நிறுவனங்கள் எல்லாம் அனுப்பித் தேய்ந்துபோன வரி. கண் அதைப் படிக்காமலே தாண்டப் பழகிவிட்டது. "வாடிக்கையாளரே" என்றதும் இது கூட்டத்துக்குப் போன மெயில் என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் கேட்டால், நாம் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

அடுத்தது "கருத்து". யூசரிடம் உங்கள் ஆப்பைப் பற்றித் தயாராக ஒரு கருத்து கிடையாது. அவருக்குத் தெரிந்தது அவர் செய்த வேலை மட்டும். கருத்து கேட்டால் உட்கார்ந்து யோசித்து ஏதாவது உருவாக்க வேண்டும், அது வீட்டுப்பாடம். 45 நிமிடம், அதுவும் வீடியோ என்றால், சட்டை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டிய விஷயமாகிவிடுகிறது. லிங்கைக் கொடுத்து நேரம் பார்த்துக்கொள் என்றால் அந்த வேலையும் அவர் தலையில்தான். கடைசியில் "புராடக்ட் டீம்" என்று கையெழுத்து. இரண்டே பேர் உள்ள இடத்தில் எதற்கு இந்த முகமூடி? ஆப்பை எழுதியவரே பெயர் போட்டுக் கேட்கிறார் என்பதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய பலம், அதை நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

இது போக, யூசர் வாய்விட்டுச் சொல்லாத மூன்று பயங்கள் உண்டு. கடைசியில் ஏதாவது விற்கப் பார்ப்பார்களோ. எனக்கு இதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று வெளியே தெரிந்துவிடுமோ. 15 நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் இழுப்பார்களோ. மெயிலிலேயே இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

அந்த 45 பேருக்கு, அதாவது நேரம் பதிந்துவிட்டு இன்வாய்ஸைத் தொடாதவர்களுக்கு, இப்படி எழுதலாம்:

"பொருள்: இன்வாய்ஸ் பக்கம் பற்றி ஒரு சின்னக் கேள்வி

வணக்கம் ______,
இந்த மென்பொருளை எழுதும் இரண்டு பேரில் நான் ஒருவன். 5 வாரமாக நேரப் பதிவைத் தொடர்ந்து செய்துவருகிறீர்கள், ஆனால் இன்வாய்ஸை இதிலிருந்து அனுப்பவில்லை. அந்தப் பக்கத்தை அடுத்த மாதம் மாற்றி எழுதப் போகிறோம். அதற்கு முன்னால், நீங்கள் இப்போது இன்வாய்ஸை எப்படி அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.
15 நிமிடம் ஃபோனில் பேசலாமா? வீடியோ வேண்டாம், எதுவும் தயார் செய்ய வேண்டாம், எதையும் விற்க மாட்டேன். செவ்வாய் மாலை 4 மணி அல்லது புதன் காலை 11 மணி சரிப்படுமா?
பேச நேரமில்லை என்றால் இதற்கே ஒரு வரி பதில் போட்டாலும் போதும்: போன மாத இன்வாய்ஸை எதில் தயார் செய்தீர்கள்?"

கடைசி வரியைக் கவனியுங்கள். ஃபோனுக்கு மாட்டேன் என்கிறவர்கூட "எக்ஸ்செல்லில்தான்" என்று ஒரு சொல் தட்டிவிடுவார். பதில் வந்த ஒரு மணி நேரத்துக்குள் "எக்ஸ்செல்லில் எந்த இடம் சுலபமாக இருக்கிறது? எழுதுவது கஷ்டம் என்றால் 10 நிமிடம் கூப்பிடட்டுமா?" என்று கேட்டால், பலர் கூப்பிடச் சொல்லிவிடுவார்கள். முதல் சம்மதம் சின்னதாக இருந்தால் அடுத்தது தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை. அவர் ஆப்பில் என்ன செய்தார் என்று குறிப்பிடும்போது செயலோடு நிறுத்துங்கள். "5 வாரமாகப் பதிகிறீர்கள்" என்பது அக்கறையாகப் படும். "போன வெள்ளி இரவு 11:40க்கு இன்ன வாடிக்கையாளர் பெயரில் 9 மணி நேரம் போட்டீர்களே" என்றால் உளவு பார்த்தது போல் ஆகிவிடும், அன்றே அக்கவுண்டை மூடுவார்.

அனுப்பும் முறையும் முக்கியம். செய்திமடல் அனுப்பும் கருவி வேண்டாம். உங்கள் சொந்த மெயில் பெட்டியிலிருந்து, லோகோ இல்லாமல், வெறும் எழுத்தாக அனுப்புங்கள். மெயில் திறக்கப்பட்டதா என்று பார்க்கும் டிராக்கிங்கை அணைத்துவிடுங்கள். அலங்கார டெம்ப்ளேட்டும் டிராக்கிங்கும் சேர்ந்தால், ஜிமெயிலில் விளம்பர மெயில்கள் சேரும் ப்ரமோஷன் டேபுக்குப் போக வாய்ப்பு அதிகம். டொமைன் புதிது என்றால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் அமைப்புகள்) இரண்டையும் அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் சின்ன அனுப்புநர்களிடம்கூட இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றன. நாளுக்கு 8 மெயிலுக்கு மேல் அனுப்பாதீர்கள். பதில் வந்தால் உடனே கவனிக்க ஆள் வேண்டுமே.

நினைவூட்டல் ஒன்றே ஒன்று, 3 வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு, இரண்டு வரி. மூன்றாவது மெயில் கூடாது.

---

கறார்_கந்தன்:

மெயிலைச் செதுக்குவது இருக்கட்டும். 140 பேருக்கும் அனுப்பியதே தப்பு, நல்ல மெயிலாக இருந்தாலும் தப்புதான்.

முதலில் உங்கள் இருவருக்குள் எந்த முடிவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். "இன்வாய்ஸ் பக்கத்தை மாற்றி எழுதுவதா, இல்லை எக்ஸ்செல்லுக்கு ஏற்றுமதி பட்டன் கொடுத்துவிட்டு நேரப் பதிவிலேயே நிற்பதா?" இப்படி ஒன்று இல்லாமல் பேட்டி எடுத்தால் எல்லாரும் எல்லாமும் சொல்வார்கள், நீங்கள் குறித்துக்கொண்டு அப்படியே வைத்திருப்பீர்கள்.

உங்களிடம் மூன்று குவியல் இருக்கிறது. வாராவாரம் வருகிற 35 பேர் நல்லவர்கள், நன்றியோடு பேசுவார்கள், குறை சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வந்த "எல்லாம் நல்லா இருக்கு" ஆசாமி பெரும்பாலும் இந்தக் குவியலாகத்தான் இருப்பார். எட்டிப் பார்த்துப் போன 60 பேரில், போய் இரண்டு மாதம் ஆனவர்களை விட்டுவிடுங்கள். ஏன் போனார்கள் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. கேட்டால் மரியாதைக்கு ஒரு காரணம் தயார் செய்து சொல்வார்கள், அது உங்களைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இனிமேல் வந்து போகிறவர்களை மட்டும் 48 மணி நேரத்துக்குள் பிடியுங்கள். அந்த 45 பேர்தான் இப்போது தேவை. தினமும் உழைப்பைப் போடுகிறார்கள், பலன் கிடைக்கும் இடத்தில் மட்டும் வேறு எங்கோ போகிறார்கள். அங்கிருந்து 5 பேர் கிடைக்க 20, 25 பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

5 என்றதும் "5 பேர் போதும் என்று யூசபிலிட்டி (பயன்பாட்டு எளிமை) நிபுணர் நீல்சன் சொல்லியிருக்கிறார்" என்று யாராவது வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீல்சனும் அவரோடு ஆய்வு செய்த லாண்டவரும் 1993இல் கொடுத்த கணக்கு அது. ஒரு யூசர் சராசரியாக 31% கோளாறுகளில் தடுக்குகிறார் என்றால், ஒரே மாதிரியான 5 பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே சுமார் 85% வெளிவந்துவிடும். திரையில் எங்கே தடுக்குகிறது என்பதற்கான கணக்கு இது. ஒருவர் ஏன் எக்ஸ்செல்லை விட மறுக்கிறார் என்பதற்கு இதைப் பொருத்தாதீர்கள். பேட்டியை எப்போது நிறுத்துவது என்றால், ஒரே குவியலில் அடுத்தடுத்து இரண்டு பேர் புதிதாக எதுவும் சொல்லாதபோது.

சர்வே அனுப்பலாமா என்று தோன்றினால் ஸ்டார்ட்அப் வளர்ச்சி ஆலோசகர் ஷான் எல்லிஸ் பிரபலமாக்கிய கேள்வி ஒன்று போதும்: "நாளை முதல் இதைப் பயன்படுத்த முடியாது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" மிகவும் ஏமாற்றம், ஓரளவு ஏமாற்றம், ஏமாற்றமில்லை என்று மூன்று பதில். 40% பேர் முதல் பதிலைச் சொன்னால் நல்ல அறிகுறி என்பார்கள். உங்கள் 35 பேரில் 40% என்றால் 14 பேர்; ஒருவர் மனம் மாறினால் சதவீதம் கிட்டத்தட்ட 3 புள்ளி ஆடிவிடும், அதனால் எண்ணைப் பார்த்துக் குதிக்காதீர்கள். அதைக் கதவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஓரளவு" என்று சொன்னவரிடம் அன்றே "இன்னும் என்ன இருந்தால் மிகவும் என்று சொல்லியிருப்பீர்கள்? 10 நிமிடம் பேசலாமா?" என்று கேட்கலாம்.

கிஃப்ட் கார்டு: என் கட்சி, ஆரம்பத்தில் வேண்டாம். பரிசுக்காக வருகிறவர் உங்களைக் குஷிப்படுத்தப் பேசுவார். உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மனசு வராது.

---

சேவை_மேசை:

கந்தன் சொன்ன கிஃப்ட் விஷயத்தில் பாதி ஒத்துப்போகிறேன். தினமும் பயன்படுத்துகிறவருக்குப் பரிசு தேவையில்லை, தன் தலைவலி தீருமென்றால் பேசுவார். விட்டுப் போனவர் நிலைமை வேறு. அவருக்கு உங்களால் இனி ஒரு லாபமும் இல்லை, அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுப்பதுதான் நியாயம். கொடுப்பதென்றால் எல்லாருக்கும் ஒரே தொகை. என்ன பேசினாலும் உண்டு, 10 நிமிடத்தில் முடிந்தாலும் உண்டு. அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். பொருள் வரியில் போடாதீர்கள், அவர் சம்மதித்த பிறகு சொல்லுங்கள். "ஒரு மாதம் இலவசம்" என்று மட்டும் கொடுக்காதீர்கள். பீட்டாவே இலவசம், அதில் என்ன பரிசு? கட்டணம் வந்த பிறகும் அந்தச் சலுகை முதலாளி கணக்கில்தான் சேரும், உங்களோடு பேசிய ஊழியருக்கு ஒன்றும் கிடைக்காது. சில அலுவலகங்களில் ஊழியர் வெளியாரிடம் பரிசு வாங்கவே கூடாது என்று விதி உண்டு, கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஒரு கட்டத்தைத் தாண்டாமல் நிற்கிறவர்களுக்குப் பரிசை விட உதவி நன்றாக வேலை செய்யும். ஸ்ட்ரைப் என்ற ஆன்லைன் பணப் பரிமாற்ற நிறுவனத்தை ஆரம்பித்த கோலிசன் சகோதரர்கள், பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் லிங்க் அனுப்புவதோடு நிற்காமல், அவர் லேப்டாப்பை வாங்கி அங்கேயே அமைத்துக் கொடுத்துவிடுவார்களாம். ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டர் வட்டாரத்தில் அதற்கு "கோலிசன் இன்ஸ்டலேஷன்" என்றே பெயர். உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கும்: "உங்கள் பழைய எக்ஸ்செல் இன்வாய்ஸ் வடிவத்தை அனுப்புங்கள், அதே மாதிரி இங்கே அமைத்துத் தருகிறேன். 20 நிமிடம் திரையைப் பகிர்ந்து கூட இருந்தால் போதும்." அவருக்கு வேலை முடிகிறது, உங்களுக்கு அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்று தெரிகிறது. பேட்டி என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் கேட்பது என்பதையும் பாருங்கள். சப்போர்ட் டிக்கெட்டை (உதவி கேட்டு யூசர் அனுப்பிய புகாரை) மூடும் நேரம் மிக நல்லது. சிக்கலைத் தீர்த்த பிறகு, அவர் "நன்றி" என்று போட்டதற்கு அடுத்த வரியில் "இது நடந்தபோது எந்த வேலையின் நடுவில் இருந்தீர்கள்? 10 நிமிடம் கூப்பிடலாமா?" என்று கேளுங்கள். கோபத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. அவர் வீடு பற்றி எரிகிறது, நீங்கள் கணக்கெடுப்புக்கு வந்தது போல் இருக்கும்.

ஆப்புக்குள்ளே கேட்பதானால் லாகின் ஆனதும் பெட்டியை நீட்டாதீர்கள். அவர் வேலைக்காக வந்திருக்கிறார், மூடுகிற குறியைத்தான் தேடுவார். வேலை முடிந்த கணத்தில் காட்டுங்கள்: மூன்றாவது இன்வாய்ஸ் போன உடனே, அல்லது இன்வாய்ஸ் பக்கத்தைத் திறந்து எதுவும் செய்யாமல் வெளியேறும்போது. ஒரு கேள்வி, ஒரு எழுத்துப் பெட்டி, அதற்குக் கீழே "இதைப் பற்றி ஃபோனில் பேசத் தயார்" என்று ஒரு டிக். ஒருவருக்கு 30 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது.

அக்கவுண்டை மூடும் பக்கத்தில் காரணப் பட்டியல் வைத்தால் கண்ணில் பட்ட முதல் காரணத்தையோ "விலை"யையோ அமுக்கிவிட்டுப் போவார்கள், அதுதான் சீக்கிரம் தப்பிக்கும் வழி. காலிப் பெட்டி வையுங்கள். எழுதுகிறவர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் அதில் நாலு வார்த்தை எழுதுகிறவர் பேசவும் தயாராக இருப்பவர்.

---

விடியற்குறிப்பு:

நன்றி, நிறைய விஷயம் கிடைத்தது. மூன்று சந்தேகம். அலுவலகத்தில் ஆப்பைப் பயன்படுத்துவது ஊழியர், சைன்அப் செய்தது முதலாளி. யாரைக் கூப்பிடுவது? நேரம் குறித்துவிட்டு வராததற்கு என்ன செய்வது? இன்னொன்று, வீடியோ இல்லாமல் திரையை எப்படிப் பார்ப்பது?

---

பனித்துளி_07:

இரண்டு பேரையும், ஆனால் தனித்தனியாக. பணம் கொடுக்கப் போகிறவருக்கும் தினமும் கை வைக்கிறவருக்கும் வேறு வேறு வலி. ஒரே அழைப்பில் இருவரும் இருந்தால் ஊழியர் வாயே திறக்க மாட்டார். முதலாளியிடம் முதலில் அனுமதி கேளுங்கள்: "உங்கள் அலுவலகத்தில் நேரம் பதிகிறவரோடு 15 நிமிடம் பேசலாமா? அலுவலகக் கணக்கு வழக்கு எதுவும் கேட்க மாட்டேன், இந்தத் திரையில் எங்கே நேரம் வீணாகிறது என்பது மட்டும்." நேரம் வீணாவது என்றால் முதலாளிக்குச் சரியாகப் புரியும். ஊழியர் சொன்னதை அப்படியே முதலாளியிடம் ஒப்பிக்கக் கூடாது. இதை ஊழியரிடம் பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

புதிதாகச் சேரும் அலுவலகங்களுக்கு இன்னொரு வழி உண்டு. சேரும்போதே "பீட்டா இலவசம், பதிலுக்கு மாதம் ஒருமுறை 20 நிமிடம்" என்று பேசி முடித்துவிடுங்கள். உள்ளே வந்த பிறகு கேட்டால் அது உதவி கேட்பது. வரும்போதே சொன்னால் அது ஒப்பந்தம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நாள் தள்ளிக் குறிப்பதுதான். 2, 3 நாளுக்குள் வருகிற நேரமாகக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து என்றால் அன்றைக்கு அவருக்கு வேறு அவசரம் வந்திருக்கும். நேரம் முடிவானதும் கேலண்டர் அழைப்பு அனுப்புங்கள். அதன் தலைப்பில் உங்கள் ஆப் பெயரோடு அவர் பெயரும் இருக்கட்டும், இடம் என்ற கட்டத்தில் "நான் உங்களை இந்த எண்ணில் கூப்பிடுகிறேன்" என்று எண்ணோடு எழுதுங்கள். அவர் எதையும் திறந்து உள்ளே வர வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டால் வராமல் போவது வெகுவாகக் குறையும். வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார் என்றால் அவர் நேரத்தையே மெயிலில் எழுதுங்கள். முந்தின நாள் மாலை ஒரு வரி, ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வரி. முந்தின நாள் வரியில் "ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், தயங்காமல் சொல்லுங்கள்" என்று சேருங்கள். சங்கடத்தில் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கூப்பிட்டும் எடுக்கவில்லையா, 5 நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை. பிறகு "இன்று வேலை மும்முரம் போல, பரவாயில்லை. நாளை இதே நேரம் கூப்பிடட்டுமா?" என்று ஒரே ஒரு நேரம் கொடுங்கள். இரண்டாம் முறையும் ஆகவில்லை என்றால் கேள்வியை எழுத்தில் அனுப்பி, குரல் பதிவாகப் பதில் தந்தாலும் போதும் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். குரல் பதிவில் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது, ஆனாலும் அவர் தன் சொற்களில் சொல்வது கிடைக்கும்.

திரைக்கு வருவோம். முதல் பேச்சு ஃபோனில். அதில் ஆள் இளகிய பிறகு "இதை ஒருமுறை திரையில் காட்ட முடியுமா" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேமரா அணைந்தே இருக்கட்டும், திரை மட்டும் போதும். பகிர்வதற்கு முன் மற்ற டேப்களையும் மெசேஜ் அறிவிப்புகளையும் மூடச் சொல்லுங்கள். அவருடைய வாடிக்கையாளர் பெயர், தொகை எல்லாம் தெரியும் என்று தயங்கினால், போலி விவரங்கள் போட்ட ஒரு மாதிரி அக்கவுண்டை நீங்களே தயாராக வைத்திருந்து அதில் செய்து காட்டச் சொல்லலாம்.

ரெக்கார்டிங் பட்டனை அமுக்கும் முன்னால் கேளுங்கள். யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். பேசுகிற எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்று சட்டமே உள்ள இடங்கள் உண்டு, எங்கே இருந்தாலும் கேட்டுவிடுவதே பாதுகாப்பு. வேண்டாம் என்றால் ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுக்கட்டும். நீங்கள்தான் இரண்டு பேர் இருக்கிறீர்களே.

---

நூலேணி:

அந்த 12 நிமிட "எல்லாம் நல்லா இருக்கு" பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது கேள்வியின் கோளாறு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டது மாதிரி, வேறு என்ன பதில் வரும்?

கடைசியாக நடந்த ஒரு தடவையைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு, உரையாடல் இப்படிப் போக வேண்டும்:

"போன மாத இன்வாய்ஸ் அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? முதலில் எதைத் திறந்தீர்கள்?"
"எக்ஸ்செல்லைத்தான்."
"எங்கள் ஆப்பில் இருந்த மணிக்கணக்கை அங்கே எப்படிக் கொண்டுபோனீர்கள்?"
"பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து டைப் அடித்தேன்."
"எல்லா வரியையுமா?"
"ம்… இல்லை. ஒரே வாடிக்கையாளருக்கு நாலைந்து சின்ன வேலை இருந்தால் ஒன்றாகக் கூட்டிப் போடுவேன். அரை மணி, கால் மணி என்று தனித்தனியாகக் காட்டினால் கேள்வி கேட்பார்கள்."

இப்படி ஒன்று வந்தால், இன்வாய்ஸ் பக்கத்தின் அழகில் பிரச்சினை இல்லை, வரிகளைச் சேர்த்துக் காட்ட வழி இல்லாததுதான் பிரச்சினை என்று தெரிந்துவிடும். "இன்வாய்ஸ் பக்கம் எப்படி இருக்கு" என்று நூறு பேரைக் கேட்டாலும் இது வராது.

இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, "அதற்குத்தான் மேலே ஒரு பட்டன் இருக்கிறதே!" என்று குதிப்பது. அந்தப் பட்டன் அவர் கண்ணில் படவில்லை என்பதே உங்களுக்குக் கிடைத்த செய்தி. கடைசியில் சொல்லிக் கொடுங்கள், நடுவில் வேண்டாம். அவர் பேசி நிறுத்தியதும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்வதில்தான் பல நேரம் விஷயம் இருக்கும். "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "செய்து தருகிறோம்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

15 நிமிடம் என்றால் 15ஆவது நிமிடத்தில் "சொன்ன நேரம் முடிந்தது, முடித்துக்கொள்ளலாமா, இன்னும் 10 நிமிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். முடிக்கும்போது "இதே வேலையை வேறு மாதிரி செய்கிற யாரையாவது தெரியுமா" என்று ஒரு கேள்வி. அறிமுகத்தோடு வருகிறவர் மெயிலில் பிடிக்கிறவரை விடச் சுலபமாகப் பேசுவார்.

அன்று மாலையே நன்றி மெயில், அவர் சொன்னதில் நீங்கள் புரிந்துகொண்டதை இரண்டு வரியாக எழுதி. தப்பாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். அவர் சொன்ன ஏதாவது ஒன்று பிறகு ஆப்பில் வந்தால், பொது அறிவிப்புக்கு முந்தின நாள் அவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். அடுத்த தடவை கூப்பிட்டால் மறுக்க மாட்டார். ஆனாலும் ஒரே ஆளை 6 வாரத்துக்குள் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

---

விடியற்குறிப்பு:

கடைசியாக ஒன்று. அந்த மோசமான மெயில் ஏற்கெனவே 140 பேருக்கும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவதா, கொஞ்ச நாள் விடுவதா?

---

கறார்_கந்தன்:

மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதை யாரும் படிக்கவே இல்லை. 10 நாள் விட்டுவிட்டு நூலேணி எழுதிய மாதிரி ஆளுக்கொன்றாக அனுப்புங்கள். பழையதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஒரு எக்ஸ்செல் தாள் போட்டு, பெயர், எந்தக் குவியல், கேட்ட தேதி, எந்த வழியில் கேட்டோம், பதில், பேசிய தேதி, நாம் என்ன செய்வதாகச் சொன்னோம் என்று வரிசை வையுங்கள். கடைசிக் கட்டத்தை மறந்தால் அந்த ஆள் போச்சு. வாரத்துக்கு 4 பேச்சுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் கணக்கைப் பார்க்க 10 நிமிடம், பின்னால் குறிப்பைச் சரிசெய்ய அரை மணி நேரம் போகும். நிரல் எழுத ஆள் வேண்டாமா?

---

பனித்துளி_07:

10 நாள் காத்திருப்பது மற்ற 137 பேருக்கு. நேரம் குறித்துவிட்டு வராத அந்த இரண்டு பேர், அப்படியொரு மெயிலைப் பார்த்தும் சரி என்று சொன்னவர்கள். அவர்களை இன்றே எழுதிக் கேளுங்கள். திரும்பவும் லிங்க் அனுப்பாதீர்கள், நாளைக்கு ஒரு நேரம் சொல்லி நீங்களே கூப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

---

விடியற்குறிப்பு:

இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். ஒருவர் 20 நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறார்: "அன்னிக்கு மீட்டிங் லிங்க் கிடைக்கலைங்க. நாளைக்கு 3 மணிக்குக் கூப்பிடுங்க." அவர் அந்த 45 பேரில் ஒருவர்தான். எக்ஸ்செல் கேள்வியோடு தொடங்குகிறேன்.